எண்பத்தைந்து மீட்டர் தள்ளி ஒரு சுவர்

வாண்டுவின் வீட்டுச் சாப்பாட்டு மேசையில் ஒரு வாரமாக யாரும் சாப்பிடவில்லை. சாப்பிட இடமில்லை. மேசை முழுவதும் அறிவியல் பரப்பிக் கிடந்தது.

தபாலில் மூன்று பார்சல்கள் வந்திருந்தன. மூன்றிலும் மாதிரிப் பாடங்கள். மூன்றில் ஒன்றைத் தேர்ந்தெடுத்து, திங்கட்கிழமைக்குள் கல்வி அலுவலகத்துக்குப் படிவம் அனுப்ப வேண்டும். தேர்ந்தெடுத்துவிட்டால் நான்கு வருடத்துக்கு அதுதான்.

படிக்கப் போவது வாண்டு அல்ல. வாண்டுவுக்குப் பத்து வயதுதான். படிக்கப் போவது அக்கா. அவளுக்குப் பதினான்கு. இந்த வருடம் உயர்நிலைப் பள்ளிப் பாடம் ஆரம்பம்.

அக்காவும் வாண்டுவும் வீட்டிலேயே படிப்பவர்கள். அம்மா மருத்துவமனையில் தீக்காயப் பிரிவில் நர்ஸ். அப்பா ஒரு பெரிய சரக்குக் கிடங்கில் ஃபோர்க்லிஃப்ட் வண்டி ஓட்டுபவர். அம்மா டியூட்டிக்குக் கிளம்பும் நேரம் அப்பா வீடு திரும்புவார். கணக்கு அப்பாவிடம், மற்றதெல்லாம் அம்மாவிடம். பள்ளிக்கூட மணி கிடையாது. ஆனால் அம்மா "புத்தகத்தை எடு" என்று சொல்லும் குரல், எந்த மணிக்கும் குறைந்ததில்லை.

அக்காவுக்குப் பிறந்ததிலிருந்தே கண் தெரியாது. விரலால் தடவிப் படிக்கும் புள்ளி எழுத்துப் புத்தகங்கள் அவளுக்கு இருந்தன. எழுதியதை வாய்விட்டுப் படித்துக் காட்டும் கைப்பேசியும் இருந்தது. வாண்டுவும் இருந்தாள். ஓயாமல் பேசுவதில் கைப்பேசியைவிட வாண்டுதான் கெட்டிக்காரி. சார்ஜ் போடவே வேண்டாம்.

முதல் பார்சலில் இருந்தது கணினிப் பாடம். எல்லாம் வீடியோ. அதில் ஓர் ஆசிரியர் உற்சாகமாகப் பேசினார்.

"இதோ பாருங்கள்! இது இப்படித் திரும்புகிறது. இதோ, இந்த நிறத்தைப் பாருங்கள்!"

"எது, எப்படித் திரும்புது?" என்று அக்கா கேட்டாள். ஆசிரியர் அதற்குள் அடுத்த 'இதோ பாருங்கள்' என்பதற்குப் போய்விட்டார். பத்து நிமிடத்தில் முப்பத்தோரு முறை அப்படிச் சொன்னார். வாண்டு எண்ணினாள்.

"பார்த்தாச்சு சார், நன்றி" என்றாள் அக்கா. அப்பா சிரித்துக்கொண்டே அதை உறைக்குள் போட்டு ஓரமாக வைத்தார்.

இரண்டாவது பார்சல் ஒரு மரப்பெட்டி. அதைத் தூக்கும்போதே உள்ளே கண்ணாடிகள் கிணுகிணுத்தன. சோதனைக் குழாய்கள், காந்தம், சுருள்கம்பி, லென்சு, ஒரு தடிப் புத்தகம். எல்லாவற்றுக்கும் அடியில் ஒரு சின்ன ஸ்பிரிட் விளக்கு.

அம்மா அந்த விளக்கைப் பார்த்தார். பெட்டியை மூடினார்.

"இது வேண்டாம்."

"முதல் பாடத்தையாவது படிச்சுப் பார்ப்போமே" என்றார் அப்பா.

"தினம் எட்டு மணி நேரம் தீ என்ன செய்யும்னு பார்த்துட்டு வரேன். அதை என் வீட்டு மேசையிலயும் பார்க்கணுமா?"

அப்பா பெட்டியை மேசையின் மறுமுனைக்கு நகர்த்தினார்.

மூன்றாவது பார்சலில் புத்தகமே இல்லை. பார்வையற்ற மாணவர்களுக்காகவே தயாரித்த ஒலிப் பாடங்கள். ஒரு பெண்ணின் குரல், தேன் குழைத்த மாதிரி. நிதானமாக, அழகாக விளக்கிக்கொண்டே போனது. அம்மா நாற்காலியில் சாய்ந்து உட்கார்ந்து முதல் பாடம் முழுவதையும் கேட்டார். முடிந்ததும், "அப்பாடா!" என்றார். "உனக்குன்னே செஞ்ச மாதிரி இருக்கு. என்னம்மா சொல்றே?"

"சரிம்மா" என்றாள் அக்கா.

அக்காவிடம் பலவிதமான 'சரி'கள் உண்டு. கடைக்குப் போகலாமா என்றால் ஒரு சரி. அது குதிக்கும். பாத்திரம் தேய்க்கிறாயா என்றால் ஒரு சரி. அது இழுக்கும். இந்தச் சரி குதிக்கவும் இல்லை, இழுக்கவும் இல்லை. கதவைச் சத்தமில்லாமல் சாத்துவது போல இருந்தது.

அது வாண்டுவின் காதில் உறுத்திக்கொண்டே இருந்தது.

மறுநாள் அக்கா குளிக்கப் போன நேரம், வாண்டு அந்த ஒலிப் பாடத்தைக் காதில் மாட்டிக்கொண்டாள். முதல் பாடம் நன்றாகத்தான் இருந்தது. இரண்டாவதும் நன்றாகத்தான் இருந்தது. அதன் முடிவில் தேன் குரல் சொன்னது:

"சோதனை ஒன்று. இதை நீங்கள் செய்து பார்க்கத் தேவையில்லை. முடிவை நினைவில் வைத்துக்கொண்டால் போதும்."

வாண்டு புருவத்தைச் சுருக்கினாள். பாடத்தை முன்னால் ஓட்டினாள்.

"சோதனை இரண்டு. இதை நீங்கள் செய்து பார்க்கத் தேவையில்லை."

இன்னும் ஓட்டினாள். மாதிரிப் பாடங்களில் மொத்தம் பதினான்கு சோதனைகள். பதினான்குக்கும் அதே வரி. குரலில் ஒரு சொட்டுத் தேன்கூடக் குறையவில்லை.

அக்கா துண்டால் தலையைத் துவட்டிக்கொண்டு வந்ததும் வாண்டு பிடித்துக்கொண்டாள்.

"அக்கா! இதுல ஒரு சோதனைகூடச் செய்ய விடமாட்டாங்களாம். உனக்குத் தெரியுமா?"

"தெரியும். முழுசாக் கேட்டேன். ரெண்டு தடவை."

"அப்புறம் எதுக்குச் சரின்னு சொன்னே?"

அக்கா துவட்டுவதை நிறுத்தினாள்.

"அம்மா 'அப்பாடா'ன்னாங்க, கேட்டியா? ரொம்ப நாளா அம்மா குரல் அவ்வளவு லேசா இருந்ததே இல்ல. அதை எப்படிக் கெடுக்கிறது?"

வாண்டுவுக்குச் சட்டென்று பதில் வரவில்லை. அது அவள் வாழ்க்கையில் அபூர்வமாக நடக்கும் விஷயம்.

"உனக்கு எது வேணும்? உண்மையைச் சொல்லு."

அக்கா மேசைப் பக்கம் போனாள். கை நேராக அந்த மரப்பெட்டிக்குப் போனது. மூடியைத் திறந்து, உள்ளே இருந்த சுருள்கம்பியை எடுத்து இரண்டு விரலுக்கு நடுவில் அமுக்கினாள். விட்டாள். அமுக்கினாள்.

"எல்லாரும் கண்டுபிடிச்சு முடிச்சதை மனப்பாடம் பண்றது அறிவியல் இல்லடி வாண்டு" என்றாள். "எனக்கும் ஒரு தடவை, நானே, என் கையால, ஏதாவது ஒண்ணைத் தெரிஞ்சுக்கணும்."

அன்று பகல் முழுவதும் வாண்டு யோசித்தாள். 'அக்காவால் முடியும்' என்று அம்மாவிடம் சொல்லிப் பயனில்லை. அம்மா வெறும் பேச்சை நம்பமாட்டார். காய்ச்சல் என்றால்கூட நெற்றியைத் தொட்டுப் பார்த்துத்தான் நம்புவார்.

அப்படியானால் முதலில் தான் சோதித்துப் பார்ப்பது என்று முடிவு செய்தாள். ஒரு துண்டை எடுத்துக் கண்ணை இறுக்கக் கட்டிக்கொண்டாள். மரப்பெட்டிப் புத்தகத்தின் முதல் சோதனை, ஒரு குவளையில் கழுத்து வரை தண்ணீர் ஊற்றுவது. சமையலறைக்குப் போனாள். போகும் வழியில் நாற்காலி அவள் முட்டியை விசாரித்தது. குவளையை எடுத்தாள், குழாயைத் திறந்தாள். குவளை நிரம்பியது. கை நனைந்தது. சட்டை நனைந்தது. பிறகு தரையும் நனைந்தது.

"என்ன பண்றே?" என்று வாசலிலிருந்து அக்காவின் குரல்.

"நீயா இருந்து பார்க்கிறேன்."

அக்கா விழுந்து விழுந்து சிரித்தாள். "லூசு! கண்ணைக் கட்டிக்கிட்டா நீ நானா ஆயிடுவியா? நீ இப்போதான் அஞ்சு நிமிஷமா பார்க்காம இருக்கே. எனக்குப் பதினாலு வருஷப் பழக்கம். தள்ளு."

குவளையைக் குழாயடியில் வைத்தாள். திறந்தாள். தலையைக் கொஞ்சம் சாய்த்துக்கொண்டாள். தண்ணீர் நிறைந்துகொண்டே வந்தது. விளிம்புக்கு ஒரு விரல் இருக்கும்போது குழாயை மூடினாள். ஒரு சொட்டு சிந்தவில்லை.

வாண்டு துண்டை அவிழ்த்துவிட்டுக் குவளையையே பார்த்தாள். "எப்படி? விரலைக்கூட உள்ள விடலையே!"

"சத்தம் ஏறுதே, கேட்கலையா? அடியில இருக்கும்போது 'தொம்'முன்னு இருக்கும். நிறைய நிறைய 'துய்ய்ய்'ன்னு மேல போகும். கடைசியில கீச்சுன்னு ஆகும். அப்போ நிறுத்தணும்."

வாண்டு மறுபடி குழாயைத் திறந்தாள். இந்தத் தடவை கண்ணைக் கட்டவில்லை. சும்மா கேட்டாள். தொம், தும், துய்ய், கீச்... உண்மைதான்! ஆயிரம் தடவை தண்ணீர் பிடித்திருக்கிறாள். குவளை இப்படி ஒரு பாட்டுப் பாடும் என்று அவளுக்குத் தெரியவே தெரியாது.

"அக்கா! நீ காதாலயே அளக்கிறே!"

சொல்லிவிட்டு ஒரே ஓட்டமாக மேசைக்கு ஓடினாள். தடிப் புத்தகத்தைப் புரட்டினாள். இதோ, ஒன்பதாம் பாடம். தலைப்பைப் பார்த்ததுமே அவளுக்கு மூச்சு வாங்கியது.

"கேளு. 'ஒலியின் வேகத்தை நீங்களே அளப்பது எப்படி? தேவையானவை: இரண்டு மரக்கட்டைகள், நேரம் பார்க்க ஒரு கடிகாரம், நீள அளவு நாடா, ஒரு பெரிய சுவர், அதன் முன்னால் நிறையக் காலி இடம்.' அவ்வளவுதான்! பார்க்கணும்னு ஒரு இடத்துலகூடச் சொல்லல."

"விளக்கு?"

"விளக்கு கிடையாது. ஆசிட் கிடையாது. சுவருதான் வேணும்."

"அவ்வளவு பெரிய சுவருக்கு எங்கே போறது?"

இரண்டு பேருக்கும் ஒரே நேரத்தில் பதில் தெரிந்தது. "அப்பா!"

அப்பா விஷயத்தைக் கேட்டார். தாடையைச் சொறிந்தார். "சுவர்தானே? எங்க கிடங்குச் சுவர் மாதிரி இந்தப் பக்கத்துலயே கிடையாது. ஞாயிற்றுக்கிழமை லாரி ஒண்ணும் வராது. மேனேஜர்கிட்ட ஒரு வார்த்தை கேட்டுட்டுச் சொல்றேன்."

கேட்டார். சம்மதம் கிடைத்தது. அம்மாவிடம் சொல்லும்போது மட்டும் கொஞ்சம் தடுமாறினார்.

"ஞாயிற்றுக்கிழமை காலையில நாலு பேரும் கிடங்குக்குப் போறோம்."

"எதுக்கு?"

"சுவர் பார்க்க."

அம்மா அவரை ஏற இறங்கப் பார்த்தார். "நம்ம வீட்லயே நாலு சுவர் இருக்கே. போதாதா?"

ஆனாலும் வந்தார்.

கிடங்கு வாசலில் வாட்ச்மேன் ஒரு நாற்காலியில் உட்கார்ந்திருந்தார். வாசல் தூணில் மாட்டியிருந்த வெப்பமானி இருபது டிகிரி காட்டியது. உள்ளே லாரிகள் நிற்கும் முற்றம் வெறிச்சென்று கிடந்தது. எண்ணெய்க் கறைகள், தேய்ந்துபோன மஞ்சள் கோடுகள், ஒரு மூலையில் அடுக்கிய மரச்சட்டங்கள். அதற்கெல்லாம் அப்பால், வானத்தைப் பாதி மறைத்துக்கொண்டு அந்தச் சுவர். ஒரு ஜன்னல் இல்லை. ஒரு கதவு இல்லை. சாம்பல் நிறத்தில், மூன்று மாடி உயரத்துக்கு.

அக்கா முற்றத்தில் கால் வைத்ததும் நின்றுவிட்டாள்.

"யப்பா!" என்றாள் மெதுவாக. "எவ்வளவு பெரிய இடம்!"

"எப்படித் தெரியுது?" என்று வாண்டு கேட்டாள்.

"நம்ம காலடிச் சத்தம் எங்கயோ போய்த் தொலைஞ்சு போகுது பாரு."

அப்பாவிடம் ஐந்து மீட்டர் நாடா இருந்தது. சுவரிலிருந்து ஆரம்பித்து, சாக்கட்டியால் கோடு போட்டுப் போட்டு, பதினேழு தடவை அளந்தார்கள். வாண்டு ஒரு முனையைப் பிடித்துக்கொண்டு தவளை மாதிரி தாவிக்கொண்டே வந்தாள். எண்பத்தைந்து மீட்டர். அங்கே ஒரு பெரிய பெருக்கல் குறி போட்டார்கள்.

"இங்கேயிருந்து சத்தம் கிளம்பிச் சுவருக்குப் போய்த் திரும்பி வரணும்" என்று வாண்டு புத்தகத்தைப் பார்த்துச் சொன்னாள். "போக எண்பத்தஞ்சு, வர எண்பத்தஞ்சு. மொத்தம் நூத்தியெழுபது மீட்டர். அதுக்கு எவ்வளவு நேரம் ஆகுதுன்னு தெரிஞ்சா முடிஞ்சுது."

அம்மா மஞ்சள் கோட்டருகே கைகட்டி நின்றார். "கண் மூடித் திறக்கிறதுக்குள்ள வந்துடும். அதை எப்படி அளப்பே?"

"அதுக்குத்தான் ஒரு தந்திரம். கட்டையை ஒரே சீரா அடிச்சுக்கிட்டே இருக்கணும். எதிரொலி திரும்பி வர்ற அதே நொடியில அடுத்த அடி விழணும். சரியா விழுந்தா எதிரொலியே கேட்காது. நம்ம அடிக்குள்ள அது ஒளிஞ்சுக்கும்."

முதலில் அப்பா முயன்றார். மூலையில் கிடந்த இரண்டு கட்டைத் துண்டுகளை எடுத்து, டப் என்று அடித்தார். 'டப்' என்று சுவர் திருப்பிச் சொன்னது. மறுபடி அடித்தார். அவர் வேகத்துக்கு எதிரொலி வரவில்லை, எதிரொலி வேகத்துக்கு அவர் போகவில்லை. டப், டடப், டப்டப், டட்டப். நாலு பேர் சேர்ந்து படியிறங்குவது போல் ஒரு சத்தம்.

"கல்யாணத்துல உங்க அப்பா ஆடினதும் இதே தாளம்தான்" என்றார் அம்மா.

பிறகு வாண்டு. அவள் சுவரையே முறைத்துப் பார்த்துக்கொண்டு அடித்தாள். பார்க்கப் பார்க்கக் குழப்பம்தான் கூடியது. சுவரில் பார்ப்பதற்கு என்ன இருக்கிறது?

கடைசியில் கட்டைகளை அக்காவின் கையில் கொடுத்தாள்.

அக்கா குறியின்மேல் நின்றாள். ஒரு தடவை அடித்தாள். அடித்துவிட்டு, எதிரொலி வந்து போகும்வரை சும்மா இருந்தாள். இன்னொரு தடவை. இன்னொரு தடவை. அவசரமே இல்லை. யாரோ தூரத்தில் நின்று பேசுவதை மரியாதையாகக் கேட்பது போலக் கேட்டாள்.

பிறகு அடிக்க ஆரம்பித்தாள்.

டப். டப். டப். டப்.

முதலில் ஒவ்வோர் அடிக்கும் பின்னால் எதிரொலி தொற்றிக்கொண்டு வந்தது. அக்கா கொஞ்சம் வேகத்தைக் கூட்டினாள். எதிரொலி நெருங்கியது. இன்னும் ஒரு துளி கூட்டினாள். எதிரொலி அடியின் முதுகில் ஏறி உட்கார்ந்தது. இன்னும் ஒரே ஒரு துளி.

எதிரொலி மறைந்தது.

அவ்வளவு பெரிய முற்றத்தில் அக்காவின் அடி மட்டும் கேட்டது. டப், டப், டப், டப். சுவர் பேசவில்லை. சுவர் இருக்கிறதா என்றே சந்தேகமாக இருந்தது. வாண்டுவின் கையில் ரோமம் சிலிர்த்து நின்றது. வாசலில் நாற்காலியைத் தள்ளிக்கொண்டு வாட்ச்மேன் எழுந்து நின்றார்.

"எண்ணு!" என்றாள் அக்கா, தாளம் பிசகாமல்.

வாண்டு சட்டென்று சுதாரித்துக் கைப்பேசியில் நேரத்தை ஓடவிட்டாள். "ஒண்ணு! ரெண்டு! மூணு!"

ஐம்பது வந்ததும் நிறுத்தினாள். "இருபத்து நாலு புள்ளி மூணு விநாடி! அம்பது அடிக்கு!"

"தப்பு" என்றார் அம்மா.

எல்லோரும் திரும்பினார்கள். அம்மா கட்டியிருந்த கைகளை அவிழ்த்திருந்தார்.

"எண்ணினது தப்பு. முதல் அடி விழும்போதுதானே கடிகாரத்தை ஓடவிட்டே? அப்போ ஒரு இடைவெளியும் முடியலையே. அதை எப்படி ஒண்ணுன்னு எண்ணுவே? நான் நாடித்துடிப்பு பார்க்கும்போது முதல் துடிப்பு சைபர். அடுத்ததுதான் ஒண்ணு."

வாண்டு தன் கையை விரித்துப் பார்த்தாள். ஐந்து விரல். நடுவில் நான்கு சந்து. அடடா!

"கொடு இங்கே" என்று அம்மா கைப்பேசியை வாங்கிக்கொண்டார். அக்காவின் பக்கத்தில் போய் நின்றார். பத்தொன்பது வருடமாக நாடி பிடித்த விரல், திரையின்மேல் அசையாமல் காத்திருந்தது. "நீ அடிம்மா. நான் பார்த்துக்கிறேன்."

டப். டப். டப். மறுபடி எதிரொலி மெல்ல நெருங்கியது, ஏறியது, மறைந்தது. அம்மாவின் முகம் மாறியதை வாண்டு பார்த்தாள். தூரத்தில் நின்று கேட்டதும் மகளின் தோளருகே நின்று கேட்பதும் ஒன்றல்ல போலிருந்தது.

"சைபர்" என்றார் அம்மா. "ஒண்ணு. ரெண்டு. மூணு..."

"...அம்பது. இருபத்து நாலு புள்ளி எட்டு."

கணக்குப் போட ஆரம்பித்தார்கள். ஒரு தடவை போய்வர நூற்றெழுபது மீட்டர். ஐம்பது தடவைக்கு எட்டாயிரத்து ஐந்நூறு. அதை இருபத்து நான்கு புள்ளி எட்டால் வகுக்க வேண்டும். அக்கா தன் கைப்பேசியில் எண்களைத் தட்டினாள். அது உயிரில்லாத குரலில் சொன்னது:

"முந்நூற்று நாற்பத்திரண்டு. புள்ளி. ஏழு."

"புத்தகத்துல விடை இருக்கா?" என்று அப்பா கேட்டார்.

இருந்தது. ஒன்பதாம் பாடத்தின் கடைசித் தாள் மடித்து ஒட்டப்பட்டிருந்தது. 'அளந்து முடித்த பிறகு பிரிக்கவும்' என்று எழுதியிருந்தது. வாண்டு இவ்வளவு நாள் அதைப் பிரிக்காமல் வைத்திருந்ததே ஒரு சாதனை. இப்போது அதைச் சர்ரென்று கிழித்தாள்.

"காற்று இருபது டிகிரி இருக்கும்போது..." வாண்டு நிறுத்தினாள். "ஒலியின் வேகம், ஒரு விநாடிக்கு முந்நூத்தி நாற்பத்து மூணு மீட்டர்."

அப்பா புத்தகத்தை வாங்கித் தானும் ஒரு தடவை படித்துப் பார்த்தார்.

முந்நூற்று நாற்பத்து மூன்று மீட்டர். அவர்கள் வீட்டு வாசலிலிருந்து பேருந்து நிறுத்தம் வரை அவ்வளவு தூரம் இருக்கும். ஒரு விநாடியில்! இதைத் தெரிந்துகொள்ள எந்தப் பெரிய கருவியும் தேவைப்படவில்லை. இரண்டு கட்டை, ஒரு சுவர், அக்காவின் இரண்டு காது.

அக்கா இன்னும் சுவர்ப் பக்கம் திரும்பியபடியே நின்றாள். கட்டைகளை மார்போடு அணைத்திருந்தாள்.

"வாண்டு, அது எப்படி இருக்கும்? ஒலி போறதை நீ பார்த்தியா?"

"இல்லக்கா. அதை யாராலயும் பார்க்க முடியாது."

"அப்பா?"

"நானும் பார்க்கலைம்மா."

"யாருமே பார்த்ததில்ல. ஆனா நான் பிடிச்சுட்டேன்." அவள் குரல் கிசுகிசுப்பாக இருந்தது. "போயிட்டு வர்ற வழியிலயே பிடிச்சுட்டேன்."

அம்மா அவள் தலைமேல் கை வைத்தார். வெகு நேரம் எடுக்கவில்லை.

"அந்தப் பெட்டிதான் வேணுமா உனக்கு?"

அக்கா மூச்சை இழுத்துக்கொண்டாள். "ஆமாம்மா. உன்கிட்ட முன்னாடியே சொல்லியிருக்கணும்."

"அதுல தீ இருக்கு."

"தீ எங்கே இருக்குன்னு சூடே சொல்லும்மா. கவனமா இருப்பேன். நீ பக்கத்துல இருக்கும்போது மட்டும் ஏத்தலாம்."

அம்மா அக்காவின் விரல்களை எடுத்துத் தன் கைக்குள் வைத்துக்கொண்டார். வாண்டுவுக்கு ரொம்ப நேரமாக ஒரு சந்தேகம். இதுதான் சமயம் என்று கேட்டுவிட்டாள்.

"அம்மா, உன் வார்டுல இருக்கிறவங்கள்ல எத்தனை பேருக்குக் கண்ணு தெரியாது?"

அம்மா வாயைத் திறந்தார். யோசித்தார். மூடினார். பிறகு அவருக்கே சிரிப்பு வந்துவிட்டது.

"ஒருத்தருக்கும் இல்லடி. எல்லாருக்கும் நல்லாத் தெரியும். கவனம்தான் இருக்காது." கண்ணைத் துடைத்துக்கொண்டார். "சரி. விளக்கு ஏத்துறதை நானே சொல்லித் தரேன். தீயைப் பத்தி இந்த வீட்ல என்னைவிட யாருக்குத் தெரியும்?"

அந்த 'சரி' குதித்தது. வாண்டுவும் குதித்தாள்.

இதற்குள் வாட்ச்மேன் முற்றத்தின் நடுவுக்கே வந்துவிட்டார். தொப்பியைக் கழற்றி அக்குளில் இடுக்கியிருந்தார்.

"பன்னிரண்டு வருஷமா இந்தச் சுவருக்குக் காவல் இருக்கேன். இதுக்குள்ள இப்படி ஒரு சமாசாரம் இருக்குன்னு ஒருத்தரும் சொல்லலையே!" என்றவர், அக்காவிடம் தயங்கித் தயங்கிக் கேட்டார். "பாப்பா, நானும் ஒரு தடவை அடிச்சுப் பார்க்கட்டுமா?"

அக்கா கட்டைகளை நீட்டினாள். அவர் அடித்த அழகைப் பார்த்து அப்பாவுக்குத் தன் தாளத்தின்மேல் கொஞ்சம் நம்பிக்கை வந்தது.

வீட்டுக்கு வந்ததும் அம்மா படிவத்தை எடுத்து மேசையில் வைத்தார். 'தேர்ந்தெடுத்த பாடத்திட்டம்' என்ற இடத்தில் மரப்பெட்டியின் பெயரை எழுதினார். கையெழுத்துப் போடும் இடத்தில் அக்காவின் விரலைக் கொண்டுபோய் வைத்தார். அக்கா போட்டாள்.

கடைசியில் ஒரு கேள்வி இருந்தது. அம்மா உரக்கப் படித்தார். "மாணவருக்குச் சிறப்பு ஏற்பாடு ஏதேனும் தேவையா? ஆம் எனில் விவரம் தருக."

எல்லா வருடமும் இந்த இடத்துக்கு வந்ததும் அம்மா ஒரு பெருமூச்சு விட்டு, இருக்கிற நாலு வரியையும் நிரப்பி, ஓரத்திலும் எழுதுவார். இன்று பேனாவைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு அக்காவைக் கேட்டார்.

"நீயே சொல்லு. என்ன எழுத?"

அக்கா கன்னத்தில் விரலை வைத்து யோசித்தாள்.

"ஆமாம்னு எழுதும்மா. ஒரு பெரிய சுவர் வேணும். எதிர்ல நிறையக் காலி இடம்."

அம்மா ஒரு எழுத்து விடாமல் அப்படியே எழுதினார்.